விகடகவியும் பைத்தானும்: ஓர் இயல்பிருப்பு மாறிய வரலாறு

விகடகவி என்னும் சொல்லை முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் விகடகவியே. நடுவில் ‘ட’ நிற்க, இருபுறமும் ‘க’வும் ‘வி’யும் காவல் நிற்கும் ஐந்தெழுத்துச் சொல். தொடக்கப் பள்ளிக் குழந்தையும் அறிந்த இச்செய்தியை இன்றைய குனு/லினக்ஸ் கணினி ஒப்புக்கொள்வதில்லை. பைத்தான் மொழியிடம் இச்சொல்லைக் கொடுத்து, திருப்பிப் பார்த்து ஒப்பிடு என்றால், இரண்டும் வேறு வேறு என்று சொல்லும். சில ஆண்டுகளுக்கு முன்வரை, இதே கேள்விக்கு இதைவிட மோசமான விடையே கிடைத்து வந்தது. அந்த மோசத்திலிருந்து இந்தக் குறைக்கு வந்து சேர உலகம் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இலக்கிய அன்பர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். பிணக்கு முழுவதும் ‘எழுத்து என்பது எது’ என்ற கேள்வியைப் பற்றியது. அது தொல்காப்பியர் முதல் நூற்பாவிலேயே கையில் எடுத்த கேள்வி.

கைடோ வான் ரோசம் என்னும் டச்சுக்காரர் 1991இல் வெளியிட்ட மொழி பைத்தான். மனிதர் எழுதும் நிரலைப் படித்து அதன்படி கணினியை இயக்குவதற்கு இன்னொரு மென்பொருள் வேண்டும். திறமூல இயக்குதளங்கள் அதனைத் தம்முடனேயே கொண்டு வருகின்றன. நாம் எதையும் தேர்ந்தெடுக்காதபோது எது இயங்குகிறதோ அதுவே இயல்பிருப்பு. பயனர் எழுதும் நிரல் மட்டுமன்றி, இயக்குதளத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அதன் மேலேயே நிற்கின்றன. நம் சோழவந்தான் கொடிக்கால்களில் முதலில் அகத்தியை வளர்த்து, பிறகே வெற்றிலைக் கொடியை அதில் ஏற்றுவார்கள். கொடி படர்ந்த பின் அகத்தியை மட்டும் பிடுங்கி வேறு கால் நடுவது எப்படியோ, அப்படித்தான் இயல்பிருப்பை மாற்றுவதும்.

எதற்காக மாற்ற வேண்டியிருந்தது? பழைய பைத்தான் இரண்டுக்கு, உரை என்பது இயல்பில் பைட்டுகளின் வரிசை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்பதால் அவர்களுக்கு எழுத்தும் பைட்டும் ஒன்றே; வேறுபாட்டை உணர வாய்ப்பே இல்லை. தமிழுக்கு நிலைமை வேறு. வெற்றிலை என்னும் சொல்லில் நமக்கு எழுத்து நான்கு. யூனிகோடு அதனை எட்டுக் குறிகளாகப் பிரிக்கிறது: வகரம், எகரக் கொம்பு, றகரம், புள்ளி, மீண்டும் றகரம், இகரக் குறி, லகரம், ஐகாரக் குறி. யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள். ஆகவே வெற்றிலையின் நீளம் என்ன என்று கேட்டால் பைத்தான் இரண்டு கூசாமல் 24 என்றது. திருப்பச் சொன்னால் பைட்டுகளையே புரட்டிப் போட்டு, எம்மொழியும் அல்லாத குப்பையைத் தந்தது. தமிழ்ச் சொற்களின் பட்டியலை அச்சிடச் சொன்னால், சொல்லுக்குப் பதில் சாய்கோடும் எக்ஸும் ஈயும் சுழியுமாக ஒரு நீண்ட வரிசை வரும்.

தமிழை உரையாகவே நடத்த வழி இல்லாமலில்லை. 2000இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே யூனிகோடு இருந்தது. ஆனால் ஒவ்வொரு தமிழ்த் தொடருக்கும் முன்னால் ஆங்கில ‘யு’ ஒன்றை எழுதவேண்டும். கோப்பின் தலையில் இது இன்ன குறிமுறை என்று அறிவிக்கவேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும், ஆஸ்கி முறையின் 128 இடங்களுக்குள் இந்தக் குறி அடங்கவில்லை என்ற பிழைச் செய்தியோடு நிரல் நின்றுவிடக்கூடும். ஆங்கிலம் வீட்டுக்காரர், தமிழ் அனுமதிச் சீட்டோடு வரும் விருந்தாளி. இயல்பிருப்பு என்ற சொல்லில் ஒளிந்திருந்த அரசியல் இதுதான்.

2008 டிசம்பர் 3 அன்று வெளியான பைத்தான் மூன்று இதனைத் தலைகீழாக்கியது. உரை என்றாலே யூனிகோடு உரை. மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ‘யு’ தேவையில்லை என்பதோடு, எழுதினால் பிழை என்றும் விதித்தார்கள். அந்தக் கண்டிப்பு நிலைக்கவில்லை. பழைய நிரல்களைப் புதியதற்குக் கொண்டுவருவோர் பட்ட பாட்டைக் கண்டு, 2012இல் வந்த 3.3 பதிப்பில் அந்த ‘யு’வை மீண்டும் அனுமதித்தார்கள், பொருளற்ற அடையாக மட்டும். நம் செய்யுளில் வரும் அசைநிலை போல என்று கொள்ளலாம்.

புதியது வந்துவிட்டது, பழையது இறங்க மறுத்தது. ரெட் ஹாட் வழியில் வந்த இயக்குதளங்களில் மென்பொருள்களை நிறுவும் ‘யம்’ என்னும் கருவி பைத்தான் இரண்டில் எழுதப்பட்டது. ஆர்வக் கோளாறில் எவரேனும் ‘பைத்தான்’ என்ற பெயரை மூன்றாம் பதிப்புக்குத் திருப்பிவிட்டால் யம் செயலிழக்கும். பிறகு எதையும் நிறுவ முடியாது. ஆர்ச் லினக்ஸ் மட்டும் 2010 அக்டோபரிலேயே துணிந்து மாற்றியது. மற்றவர்களோ, ‘பைத்தான்’ என்றால் இப்போதைக்கு இரண்டாம் பதிப்பையே குறிக்கட்டும் என்று 2011இல் பரிந்துரை எழுதிக்கொண்டார்கள். 2015இல் முடிவதாக இருந்த பைத்தான் இரண்டின் ஆயுள் 2020 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது.

இவ்விடைக்காலத்தில் தமிழ்ப் பக்கத்தில் நடந்தவை சுவையானவை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயக்குதளம் அது. அன்றைய டெபியனில் ‘பைத்தான்’ என்றால் இரண்டாம் பதிப்புதான். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழியும் பைத்தானின் மேலேயே எழுந்தது. அதனோடு உறவுடைய ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பு இரு பதிப்புகளிலும் ஓடும்படி எழுதப்பட்டது. ஒரே நூலை ஓலையிலும் தாளிலும் ஒருசேரப் பேணுவது போன்ற இரட்டைச் சுமை அது.

பழைய நிரலைப் புதியதாகப் பெயர்த்தெழுதும் கருவி ஒன்றைப் பைத்தானே தந்தது. இலக்கண மாற்றங்களை அது செவ்வனே செய்யும். ஆனால் ஒரு தொடர் உரையா, வெறும் பைட்டா என்பதை அதனால் தீர்மானிக்க இயலாது; எழுதியவரின் கருத்தறிந்த ஒருவர் உட்கார்ந்து படிக்கவேண்டும். புள்ளியிடாத ஓலைச்சுவடியில் மெய் எது, உயிர்மெய் எது என்று பதிப்பாசிரியர் முடிவு செய்தது போன்ற வேலை. ஆள் கிடைத்த நிரல்கள் பிழைத்தன. ஓய்வு நேரங்களில் எழுதி, பிறகு எவராலும் தொடப்படாமல் கிடந்தவை புதிய கணினிகளில் ஓடவில்லை. பெயர்த்தெழுதப்படாத ஏடு செல்லுக்கு இரையாகும். இங்கே செல் அரிக்கக்கூட வேண்டியதில்லை, எழுத்து அப்படியே இருக்க, படிப்பவன் போய்விடுகிறான்.

2020 ஏப்ரலில் வந்த உபுண்டு 20.04இலும் 2021இல் வந்த டெபியன் 11இலும் ஒரு விசித்திர முடிவைக் காணலாம். ‘பைத்தான்’ என்ற பெயரையே எவருக்கும் கொடுக்காமல் காலியாக விட்டுவிட்டார்கள். வேண்டுவோர் நிறுவிக்கொள்ள ஒரு சிறு பொதியை வைத்தார்கள். அதன் பெயருக்கே ‘பைத்தான் என்பது பைத்தான் மூன்று’ என்பதுதான் பொருள். பழைய உரையாசிரியர் எவரோ எழுதிய பொழிப்பு போல இருக்கிறது. 2023இல் வந்த டெபியன் 12இல் இரண்டாம் பதிப்பே இல்லை. தமிழ்நாட்டில் 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானைக் கற்பிக்கிறது. அதைப் படித்து வரும் பிள்ளைகளுக்குப் பழைய பிழைச் செய்தியும் தெரியாது, அந்த ‘யு’வும் தெரியாது.

இனி விகடகவிக்கு வருவோம். பைத்தான் மூன்று பைட்டை விட்டுக் குறிக்கு வந்திருக்கிறது. எழுத்துக்கு இன்னும் வரவில்லை. ‘வி’ அதற்கு வகரமும் இகரக் குறியுமாக இரண்டு. திருப்பினால் குறி முன்னாலும் வகரம் பின்னாலும் போய்விடுகின்றன. மாலைமாற்று என்னும் சித்திரகவிக்கும் இதே கதிதான். நம் ஊருக்கு அருகிலுள்ள திருவேடகத்தில், வைகையை எதிர்த்துச் சென்ற ஏடு கரைசேர்ந்ததாகச் சொல்லப்படும் சம்பந்தர், மாலைமாற்றாகவே ஒரு பதிகம் பாடியிருக்கிறார். மூன்றாம் திருமுறையில் உள்ளது. அதன் அடிகளை அப்படியே பைத்தானிடம் கொடுத்தால் ஒன்றும் தேறாது. ஓப்பன்-தமிழின் துணையால் முதலில் எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கொடுத்தால் தேறும்.

247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தரும் டேஸ்-16 குறிமுறையைத் தமிழக அரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்றதும் இக்குறையை எண்ணித்தான். எனினும் இயக்குதளங்களின் இயல்பிருப்பாக நின்றது யூனிகோடே. அகரமுதலிக்குச் சொற்களை வரிசைப்படுத்துவோர் இன்றும் இதன் விளைவைக் காணலாம். நம் அகராதிகளில் பக்கம் முன்னே, பகல் பின்னே. வேறு ஏற்பாடின்றிப் பைத்தானிடம் விட்டால் பகல் முந்திக்கொள்ளும்; யூனிகோட்டில் புள்ளியின் இடம் லகரத்துக்குப் பின்னால் இருக்கிறது.