கணேஷ்–வசந்த் கதைகளின் திரைவடிவங்கள் (1977–1978)

எழுத்தாளர் சுஜாதாவின் (1935–2008) கணேஷ் தொழில்முறைத் துப்பறிவாளன் அல்லன், வழக்கறிஞன். 1968-இல் குமுதம் இதழில் தொடராக வந்த 'நைலான் கயிறு' நாவலில் அறிமுகமானான். இளைய வழக்கறிஞன் வசந்த் பின்னால் வந்து சேர்ந்தவன். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளைப் போல, போலீஸ் பதவியோ துப்பறியும் நிறுவனமோ இல்லாமல், கேள்விகளாலேயே குற்றத்தை அவிழ்ப்பவர்கள் இவர்கள். எங்கள் காவாந்தண்டலம் போன்ற கிராமங்களில் ஒரு வார இதழைப் பல வீட்டார் கைமாற்றிப் படித்த காலம் அது.

இவ்வரிசையிலிருந்து பதினைந்து மாதங்களுக்குள் மூன்று நாவல்கள் படமாயின. மூன்றிலும் ஸ்ரீதேவி நடித்தார். மூன்றுக்கும் இசை இளையராஜா.

முதலாவது, ஆர். பட்டாபிராமன் இயக்கி 1977 அக்டோபர் 7 அன்று வெளியான 'காயத்ரி'. மணமாகி வந்த பெண்ணின் அந்தரங்கத்தைக் கணவனே மறைவாகப் படமெடுத்து விற்கிறான் என்பது கதையின் கரு. கைப்பேசிக்குள் கேமரா வந்திராத நாளில் இப்படியொரு குற்றத்தைக் கற்பனை செய்ததே பெரிது. அதைக் குடும்பங்கள் கூடும் திரையரங்குக்குக் கொண்டுவந்தது அதனினும் துணிச்சல். மூன்றில் இதுவே சிறந்தது என்பது என் கருத்து. கணவன் ராஜரத்தினமாக ரஜினிகாந்தும் கணேஷாக ஜெய்சங்கரும் நடித்தனர்.

'அனிதா இளம் மனைவி' நாவலை 1978-இல் பட்டாபிராமனே 'இது எப்படி இருக்கு' என்ற பெயரில் எடுத்தார். நாயகன் மீண்டும் ஜெய்சங்கர். '16 வயதினிலே' படத்தில் ரஜினிகாந்த் பேசிப் புகழ்பெற்ற வசனம்தான் அந்தத் தலைப்பு. நாவலின் பெயரைவிட அது கூட்டம் சேர்க்கும் என்று கருதியிருப்பார்கள் போலும்.

அதே ரஜினிகாந்த் 1978 ஜூனில் வந்த 'பைரவி' மூலம் தனிக் கதாநாயகனாகிவிட்டார். அவ்வாண்டு டிசம்பர் 22 அன்று எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் வெளியான 'ப்ரியா'வில் கணேஷ் அவரே. சென்ற ஆண்டு கணேஷிடம் சிக்கிய குற்றவாளி, இந்த ஆண்டு கணேஷாகவே வந்து நின்றார்! தொடர்ந்து வாசித்தவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

நாவலில் லண்டன், படத்தில் சிங்கப்பூர். வெளிநாட்டுக் காட்சிகளும், தமிழில் ஸ்டீரியோ முறையில் பதிவான முதல் பாடல்கள் எனப் பேசப்பட்டவையும் படத்தை ஓடச் செய்தன. ஆனால் புத்தகத்தில் பிரம்மச்சாரியாக, ஒதுங்கி நின்று கவனிப்பவனாக இருக்கும் கணேஷுக்குப் படத்தில் ஒரு காதலி உண்டு. மலேசிய நடிகை அஸ்னா ஹமீத் அவ்வேடம் ஏற்றார். சண்டையும் டூயட்டும் வந்தபின் யோசிப்பதற்கு நேரமேது? நாவல்களில் கணேஷின் நிதானத்துக்கும் வசந்தின் குறும்புப் பேச்சுக்கும் நடுவில்தான் துப்பு துலங்கும். ஒற்றைக் கதாநாயகனைச் சுற்றி அமைந்த படத்தில் அந்த இருவர் உரையாடலுக்கு இடம் சுருங்கிவிட்டது. 'ப்ரியா'வை மட்டும் பார்த்த மாணவர்கள் நாவலையும் ஒருமுறை படித்தால், கணேஷ் வேறு ஆளாகத் தெரிவான்.