ஆங்கிலத்தில் இறந்தகாலத் துணைவாக்கியங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

முடிந்துபோன இரு செயல்களுள் எது முன்னது, எது பின்னது, எவை உடன்நிகழ்ந்தவை என்று காட்ட வேண்டிய தேவை எல்லா மொழிகளுக்கும் உண்டு. காட்டும் வழியே மொழிக்கு மொழி வேறுபடுகிறது. ஆங்கிலம் இதற்கென இன்று தனித்தனி இணைப்புச் சொற்களைக் கையாள்கிறது. அவை அனைத்தும் தொடக்கத்திலேயே அமைந்தவை அல்ல.

ஆல்பிரெட் மன்னர் (ஆட்சி 871–899) காலத்துப் பழைய ஆங்கில உரைநடையில், 'தா' என்னும் ஒரே சொல் 'அப்பொழுது' என்றும் 'போது' என்றும் இருபொருள் தந்தது. அதனை அடுத்து வினை வந்தால் பெரும்பாலும் முன்னைய பொருள். எழுவாய் வந்து, வினை பின்சென்றால் பின்னைய பொருள். சொல்வரிசையே பொருளைப் பிரித்தது. 'தா' வழக்கொழிந்தபின், 'எப்பொழுது' என வினவுவதற்கு வழங்கிய 'வென்' அவ்விடத்தை ஏற்றது.

'வைல்' என்பதோ முதலில் காலப்பகுதியைக் குறித்த பெயர்ச்சொல். 1154ஆம் ஆண்டுடன் முடியும் பீட்டர்பரோ ஆண்டுக்குறிப்பில், ஸ்டீபன் மன்னரின் 19 ஆண்டு ஆட்சியைச் சொல்லுமிடத்து, அது இணைப்புச் சொல்லாகவே நிற்கக் காண்கிறோம். தமிழிலும் 'பொழுது' என்னும் பெயர்ச்சொல்லே 'வந்தபொழுது', 'வந்தபோது' எனப் பெயரெச்சத்தோடு இயைந்தது. உறவில்லாத இரு மொழிகள் ஒத்த நெறியில் நடந்துள்ளன.

மற்றொரு செயலுக்கு முன்பே முடிந்த செயலைக் காட்ட, பழைய ஆங்கிலத்தார் எளிய இறந்தகால வினையுடன் 'முன்னர்' எனப் பொருள்படும் சொல்லைச் சேர்ப்பதுண்டு. உடைமையைக் குறித்த 'ஹாட்' படிப்படியாகத் துணைவினையாகி அப்பணியை ஏற்றது. 'எழுதிய கடிதத்தை உடையவராயிருந்தார்' என்னும் கருத்து, 'கடிதம் எழுதியிருந்தார்' என்றாயிற்று.

இவ்வரலாறு இருமொழி பயிலும் நம் மாணவர்க்குப் பயன்படுவது ஓரிடத்தில் தெளிவாகும். 'அவர் வருமுன் நான் சென்றேன்' என்கிறோம். நடந்து முடிந்ததைக் கூறினும் 'வரும்' என்பது எதிர்காலப் பெயரெச்சமே. 'வந்த முன்' என்பது மரபன்று. நான் சென்ற அந்நேரத்தில் அவர் வருகை இனி நிகழவேண்டியது. தமிழ் அந்நேரத்தில் நின்று நோக்குகிறது. ஆங்கிலமோ பேசுவோன் நிற்கும் இன்றிலிருந்து நோக்கி, அவ்வருகையையும் இறந்தகால வினையாற் கூறுகிறது.

ஆகவே, அவ்விடத்தில் ஆங்கில வினையை இறந்தகாலத்தில் அமைக்கத் தயங்கும் மாணவரைக் கவனமற்றவர் எனக் கடிதல் முறையன்று. அவர் தம் தாய்மொழியின் நோக்கை ஆங்கிலத்துள் கொண்டு செல்கிறார். இரு நோக்குகளையும் அருகருகே வைத்து விளக்கும் ஆசிரியர், ஒரு மொழியைத் திருத்தும்போதே மற்றொரு மொழியின் நுட்பத்தையும் உணர்த்துவார்.