யாழ்ப்பாணத் தோட்டச்செய்கையில் வீட்டுப் பூச்சிநாசினிகள்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் விவசாய வரலாற்றை ஆராய்ந்தோர் புகையிலை வாணிபம் பற்றியும் கிணற்றுப் பாசனம் பற்றியும் நிலவுடைமை பற்றியும் விரிவாகவே எழுதியுள்ளனர். ஆனால் அத்தோட்டங்களிற் பயிரைத் தாக்கிய புழு பூச்சிகளை மக்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்ற வினா அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வரி விதிக்கத்தக்கவற்றையும் ஏற்றுமதி செய்யத்தக்கவற்றையுமே கருத்தூன்றிப் பதிந்தனர். வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு வரியில்லை. அடுப்புச் சாம்பலுக்கு விலையில்லை. எனவே அவற்றுக்குப் பதிவேடும் இல்லை.

இவ்வெற்றிடத்தை இன்று இருவகைக் கருத்துகள் நிரப்ப முற்படுகின்றன. ஒன்று, முன்னோர் காலத்துத் தோட்டத்தை நஞ்சற்ற பொற்காலமாகக் காண்பது. மற்றையது, வீட்டு மருந்துகளை விஞ்ஞானத்துக்கு முற்பட்ட அறியாமையெனத் தள்ளுவது. இரண்டும் வரலாற்றுக்குப் புறம்பானவை என்பதே எமது கருத்து. இம்மருந்துகள் நீர், உழைப்பு, பசளை, சந்தை ஆகியன ஒன்றோடொன்று பிணைந்த ஓர் உற்பத்திமுறையின் உறுப்புகளாகவே நிலவின. அவ்வுற்பத்திமுறை மாறியபோது அவை பின்தள்ளப்பட்டன. முற்றுகை வந்தபோது மீண்டன. அரசாணையின் பெயரால் ஒரே நாளில் அழைக்கப்பட்டபோது கைகொடுக்கவில்லை. இந்நான்கு கட்டங்களையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. துலாக் காலத்துத் தோட்டம்

குடாநாட்டில் வற்றாத ஆறுகள் இல்லை. ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளூடாக இறங்கி நிலத்தடியிற் சேர்கின்றது. அந்நீரே கிணறுகளின் வழியாகத் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் வருகின்றது. வலிகாமத்துச் செம்மண் நீரை விரைவாக உட்செல்ல விடும் தன்மையது. ஆதலால் தோட்டத்தில் இடப்படும் எப்பொருளின் ஒரு பகுதியும் குடிநீரை அடையும் வாய்ப்பு உண்டு. இவ்வுண்மையை நினைவிற் கொண்டே பின்வருவனவற்றை நோக்க வேண்டும்.

துலாவினால் நீரிறைத்த காலத்தில் ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்து ஊற்ற, இன்னொருவர் வாய்க்காலில் தண்ணீர் மாற வேண்டியிருந்தது. இத்தகைய உழைப்பினால் எட்டக்கூடிய நிலப்பரப்பு சிறிது. சிறிய பரப்பில் ஒவ்வொரு கன்றையும் தோட்டக்காரர் நாள்தோறும் நெருங்கிப் பார்த்தனர். பூவரசங்குழை, காவிளாய், சணல் முதலிய பசுந்தாட்பசளைகள் தாழ்க்கப்பட்டன. குடாநாட்டின் குழை போதாதவிடத்து வன்னியிலிருந்தும் தருவிக்கப்பட்டது. வேலியிலும் கூரையிலும் பழுதான பனையோலையும் மண்ணுக்கே சென்றது. ஆட்டுப்பட்டி அடைக்கப்பட்டது. புகையிலைக்குப் பின் குரக்கன் போன்ற வேறின் பயிர் விதைக்கப்பட்டதால், ஒரே பயிரையே நம்பிய பூச்சி தொடர்ந்து பெருக இடமிருக்கவில்லை.

வீட்டு மருந்துகள் இவ்வமைப்பினுள்ளேயே பயன்பட்டன. வேப்பம் பிண்ணாக்கு பசளையாகவும் மண்ணிலுள்ள புழுக்களை அடக்கும் பொருளாகவும் இடப்பட்டது. காலைப் பனி உலருமுன் இலைகளில் அடுப்புச் சாம்பல் தூவப்பட்டது. அழுக்கணவனுக்குப் புகையிலைக் கழிவை ஊறவைத்த நீர் தெளிக்கப்பட்டது. சேமித்த நெல்லினுள்ளும் பயற்றினுள்ளும் வேப்பிலையும் நொச்சியிலையும் இடப்பட்டன. இவற்றுட் பல பெண்களின் அறிவுக்கும் கைக்கும் உட்பட்டவை. வேப்பம்பூவைப் பொறுக்கி வடகம் போட்ட கைகளே வேப்பங்கொட்டையையும் பொறுக்கின. அடுப்பும் சாம்பலும் தானியப் பானையும் அவர்களின் பொறுப்பிலேயே இருந்தன.

ஆயினும் இதனைப் பொற்காலம் என்று கூறுதல் தவறாகும். புகையிலைத் தோட்டத்தில் முதன்மையான பூச்சிக் கட்டுப்பாடு மருந்தன்று, மனிதக் கையே. இலை இலையாகப் புரட்டிப் புழுவைப் பொறுக்குவதும் முட்டைக் கூட்டத்தைக் கிள்ளி நசுக்குவதும் நாள்முழுவதும் குனிந்து செய்யும் வேலைகள். அவ்வேலையின் பெருஞ்சுமை நிலமற்ற குடும்பங்களின்மீதே விழுந்தது. 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் சாதியடிப்படையிலான தொழிலாளர் கட்டு நெடுங்காலம் தளரவில்லை. ‘நஞ்சில்லா விவசாயம்’ என்று நாம் போற்றுவதன் ஒரு பகுதி மலிவான, சுதந்திரமற்ற உழைப்பே என்பதை மறைத்தல் ஆய்வாளருக்கு அழகன்று.

2. இயந்திரமும் போத்தலும்

1950கள் முதல் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவின. மூவர் உழைப்பை ஒருவர் செய்ய முடிந்தது. துலா மிதித்தவரின் முதுகுக்கு அது விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆனால் இறைக்கும் நீரின் அளவும், செய்கைக்குட்பட்ட பரப்பும், ஆண்டுக்கு எடுக்கும் போகங்களும் கூடின. இதே காலத்திற் செயற்கைப் பசளையும் செயற்கைப் பூச்சிநாசினியும் வந்து சேர்ந்தன. டீ.டீ.ரீ. என்னும் மருந்தை மக்கள் முதலில் அறிந்தது மலேரியா ஒழிப்பின் மூலமாகும். 1934-35ஆம் ஆண்டுக் கொள்ளைநோயை நினைவில் வைத்திருந்த ஒரு தலைமுறைக்கு, நுளம்பைக் கொன்ற மருந்தின்மீது ஏற்பட்ட நம்பிக்கை இயல்பானதே. அந்நம்பிக்கை மருந்து விசிறும் கருவியுடன் தோட்டத்துக்குள்ளும் புகுந்தது.

1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு மிளகாய், வெண்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. விலைகள் உயர்ந்தன. கோண்டாவில், இணுவில், உரும்பிராய், நீர்வேலி, புன்னாலைக்கட்டுவன் முதலிய ஊர்களின் தோட்டங்கள் முன்னில்லாத வருமானத்தைக் கண்டன. வன்னியில் விசுவமடு போன்ற இடங்களில் இளைஞர் குடியேற்றங்களும் மிளகாயை நம்பி எழுந்தன. ஆனால் ஒரு பயிர் நல்ல விலை பெறும்போது அதனையே மீண்டும் மீண்டும் நடத் தூண்டுதல் பிறக்கின்றது. பனிப்பூச்சியும் வெண்ஈயும் மிளகாயின் இலையைச் சுருட்டி ஒரு பருவத்து வருமானத்தையே அழிக்கக்கூடியன. கடன்பட்ட கமக்காரர் வேப்பங்கொட்டை ஊறும்வரை காத்திருக்க மாட்டார். போத்தல் மருந்து அன்றே பலனளித்தது. அதனோடு பூச்சியைத் தின்னும் சிலந்தியையும் பொறிவண்டையும் கொன்றது. எஞ்சிய பூச்சிகளுள் எதிர்ப்பாற்றல் வளர்ந்தது. அடுத்த பருவத்தில் அதிக மருந்து தேவைப்பட்டது. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது விலை சரிந்தது. மருந்துப் பழக்கமோ நிலைத்தது.

இங்கே ஒரு வரலாற்று முரணைச் சுட்டாமல் இருக்க முடியாது. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் ஒன்று வேம்பைத் தீண்டாது விட்டதை ஜெர்மானிய அறிஞர் ஸ்முட்டரர் அவதானித்தார். 1968இல் பிரித்தானிய ஆய்வுகூடமொன்றில் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. எமது முற்றத்து வேம்பு மேனாட்டு ஆய்வுகூடத்தில் மதிப்புப் பெற்ற அதே காலத்தில், எமது தோட்டங்கள் அதனைக் கைவிட்டுக்கொண்டிருந்தன. அமெரிக்க விவசாயத் திணைக்களத்துக்கும் டபிள்யூ. ஆர். கிறேஸ் நிறுவனத்துக்கும் வேப்பெண்ணெயைப் பூஞ்சணத்துக்கு எதிராகப் பயன்படுத்தும் முறைக்கென 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை வழங்கப்பட்டது. வந்தனா சிவா முதலியோரின் எதிர்ப்பினால் அது 2000இல் நீக்கப்பட்டு, 2005இல் மேன்முறையீடும் தள்ளுபடியாயிற்று. பதிவேடற்ற அறிவு பிறரின் உடைமையாகும் ஆபத்தை இவ்வழக்கு காட்டியது.

3. முற்றுகைக் காலம்

1990 யூனில் மீண்டும் போர் மூண்டதைத் தொடர்ந்து வடக்குக்குச் செல்லும் பொருள்கள்மீது அரசு தடை விதித்தது. பசளையும் எரிபொருளும் தடைக்கு உட்பட்டன. மண்ணெண்ணெய் பொன்விலை பெற்றது. பல கிணறுகளில் துலா மீண்டும் ஏறியது. பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்த அந்நாட்களிற் போத்தல் மருந்தும் அரிதாயிற்று. சாம்பலும் வேப்பங்கொட்டையும் புகையிலை நீரும் தோட்டத்துக்குத் திரும்பின. குழையும் சாணமும் மதிப்புப் பெற்றன.

இதனைச் சிலர் தற்சார்பின் வெற்றியாக வருணிப்பர். நாம் அவ்வாறு கூறத் துணியோம். முற்றுகை ஒரு விவசாயக் கொள்கையன்று. அது மக்களின்மீது தொடுக்கப்பட்ட தண்டனை. வலிகாமம் வடக்கின் வளமிக்க செம்மண் தோட்டங்கள் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே இடம்பெயர்ந்தது. எனினும் ஓர் உண்மையை அக்காலம் நிறுவியது. ஒரு தலைமுறையாகப் புறக்கணிக்கப்பட்ட அறிவு முற்றாக அழிந்துவிடவில்லை. முதியோரின் நினைவிலும் பெண்களின் வழக்கத்திலும் அது எஞ்சியிருந்தது. 2002இல் பாதை திறந்தபோது போத்தலும் திரும்பி வந்தது. கட்டாயத்தால் மீண்ட வழக்கம் கட்டாயம் நீங்கியதும் பின்வாங்கியதில் வியப்பில்லை.

4. அரசாணையும் அதன் தோல்வியும்

2021 மே மாதத்தில் இலங்கை அரசு செயற்கைப் பசளையினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதியைத் தடைசெய்தது. நாடு முழுவதையும் ஒரே பருவத்தில் இயற்கை விவசாயத்துக்கு மாற்றுவதாக அறிவிக்கப்பட்டது. அந்நியச் செலாவணி நெருக்கடியும் இதன் பின்னணியில் இருந்தது. போதிய கூட்டெருவும் பயிற்சியும் மாற்று மருந்தும் இல்லாத நிலையிற் கமக்காரர் தெருவில் இறங்கினர். நவம்பரில் தடை விலக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் பாழடைந்திருந்தது. இதன் மிகப் பெரிய தீங்கு, இயற்கை விவசாயம் என்ற சொல்லே மக்கள் மத்தியில் ஏளனத்துக்குள்ளானமையாகும்.

இதற்கு மாறான ஓர் அனுபவமும் இதே நாட்டில் உண்டு. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, கொடிய நஞ்சுகள் படிப்படியாக விலக்கப்பட்டன. 1995 அளவில் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகியனவும், 1998இல் எண்டோசல்பானும், பின்னர் பரகுவாற் முதலியனவும் நீக்கப்பட்டன. 1995இல் இலட்சத்துக்கு 47 என்னும் உச்சத்தை அடைந்திருந்த தற்கொலை மரணவீதம் பின்னர் பெருமளவு வீழ்ந்தது. விளைச்சலோ இத்தடைகளாற் குறையவில்லை என ஆய்வுகள் காட்டின. எந்த நஞ்சை முதலில் விலக்குவது, அதற்கு மாற்று யாது என்று தேர்ந்து செய்யப்பட்ட சீர்திருத்தம் உயிர்களைக் காத்தது. ஆராயாது இடப்பட்ட ஆணை ஆறு மாதத்திற் சரிந்தது.

5. மருந்தின் இயல்பும் வரம்பும்

வீட்டு மருந்துகளை மதிப்பதென்பது அவற்றின் இயல்பை அறிவதாகும். உலர்ந்த வேப்பம் பருப்பு அரைக் கிலோவை இடித்துப் பத்து லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்துத் தெளிப்பது வழக்கம். அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்வதில்லை. அதன் உண்ணும் விருப்பத்தைக் கெடுத்து, தோலுரித்து வளரும் செயலைக் குலைக்கின்றது. கடும் வெயிலில் அது சில நாட்களிற் சிதைந்துவிடும். ஆகவே மாலையில், முழுப்புழுவாக வளருமுன், மீண்டும் மீண்டும் தெளிக்க வேண்டும். தெளித்த மறுநாள் செத்த பூச்சியைத் தேடுவோர் ஏமாற்றமடைவர்.

புகையிலை நீரின் நிலை வேறு. நிக்கோட்டின் தோலினூடாகவும் உடலுட் புகக்கூடிய கடும் நஞ்சு. தேனீக்கும் அது பகை. கொதிக்கவைக்காது ஊறவைத்த புகையிலை நீர், புகையிலையின் தேமல் வைரசை அதே குடும்பத்தைச் சேர்ந்த மிளகாய்க்கும் தக்காளிக்கும் கொண்டுசெல்லவும் கூடும். வீட்டிற் செய்தது என்பதால் ஒன்று தீங்கற்றதாகிவிடாது. சாம்பலோ ஒரு மழையிற் கழுவப்பட்டுவிடும். இவ்வரம்புகளை ஈடுசெய்தவை பயிர்ச்சுழற்சியும் குழைத்தாழ்ப்பும் கன்றை நெருங்கிப் பார்க்கும் கண்ணுமே. அவற்றைக் கைவிட்டு, இரசாயனப் போத்தலுக்குப் பதிலாக வேப்பெண்ணெய்ப் போத்தலை வாங்குவது பெயர் மாற்றமாகவே முடியும்.

முடிவாக, நாம் தொடங்கிய இடத்துக்கே திரும்புவோம்: கிணறு. 1980கள் முதல் செய்யப்பட்ட ஆய்வுகள் வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, குடிநீருக்கு ஏற்கப்பட்ட லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவை மீறியிருத்தலைக் காட்டியுள்ளன. அதற்குச் செயற்கைப் பசளை மட்டுமன்றி, அளவுமீறி இடப்படும் சாணமும் மலகூடக் குழிகளும் பொறுப்பாகும். பாறையின் கீழுள்ள நீருக்கு வேலியில்லை. ஒருவர் தம் தோட்டத்தில் ஊற்றுவதை அயலவர் தம் வீட்டிற் குடிக்கின்றனர். ஆகவே பூச்சிக் கட்டுப்பாடு தனியொரு கமக்காரரின் விருப்பத்துக்கு விடத்தக்கதன்று. ஊர் முழுவதும் கூடித் தீர்மானிக்க வேண்டிய பொது விடயம்.

வேப்பங்கொட்டையைக் கூட்டாகச் சேகரித்து இடிக்கவும் தரம் பார்க்கவும் கூட்டுறவுச் சங்கங்களால் இயலும். எந்தக் கரைசல் எந்தப் பூச்சிக்கு எவ்வளவு பயன் தருகின்றது என்பதைக் கமக்காரரோடு சேர்ந்து சோதித்துப் பதிவுசெய்யப் பல்கலைக்கழகத்தால் இயலும். நஞ்சின்றி விளைவித்தவருக்குச் சந்தையில் நட்டம் ஏற்படாது காப்பது அரசின் கடமை. பெண்களும் நிலமற்றோரும் இவ்வறிவின் உரிமையாளராக அப்பதிவில் இடம்பெற வேண்டும். குனிந்து புழுப் பொறுக்கும் கூலிகளாக மீண்டும் அவர்களை வரவழைக்கும் எந்தத் திட்டமும் எமக்கு உடன்பாடானதன்று. விலையில்லாததால் பதிவேடு பெறாத ஓர் அறிவுக்கு, அதனைப் பேணியோரின் பெயராலேயே ஒரு பதிவேட்டைத் திறப்பது ஆய்வாளராகிய எம்மீது விழுந்துள்ள முதற்பணியாகும்.