செவ்வாயில் தண்ணீர் வரி

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி. கரண்ட் போய்விட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாலு பேர் தரையில் உட்கார்ந்திருந்தோம். கதையை நடத்துகிறவன் நான். மற்ற மூன்று பேரும் விண்கல மாலுமிகள். ராக்கெட் தீப்பிடித்து ஏதோ ஒரு கிரகத்தில் விழுகிறது. கதவைத் திறந்தால் பேரரசரின் காவலர்கள். அரண்மனைக்கு இழுத்துப் போகிறார்கள். சிம்மாசனத்தில் பேரரசர். மொட்டைத் தலை, தொங்கு மீசை, நீண்ட நகங்கள், பட்டு அங்கி. என் பழைய காமிக்ஸ் ஞாபகத்தையெல்லாம் கொட்டி நான் வர்ணித்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி கையைத் தூக்கினாள்.

“ஒரு நிமிஷம். இது வேற கிரகம்தானே? அப்போ இந்த ராஜா ஏன் சீனாக்காரன் மாதிரியே இருக்கான்?”

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்தபிறகு யோசித்தால் என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வரி. ரோல்பிளேயிங் கேம் என்றால் சேர்ந்து உட்கார்ந்து வாய்வழியே உருவாக்கும் கதை. ஒருவர் உலகத்தைச் சொல்வார், அவர் கேம் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்துகொண்டு “நான் ஜன்னல் வழியா குதிக்கிறேன்” என்பார்கள். குதித்தது பலித்ததா, கால் உடைந்ததா என்பதைப் பகடை சொல்லும். சின்ன வயதில் மொட்டைமாடியில் ஆடியதுதான். அப்போது பகடை இல்லாததால் “நீ செத்துட்டே”, “இல்ல, சாகல” என்று சண்டை வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பல்ப் என்பது மரக்கூழ். அமெரிக்காவில் அந்த மலிவுக் கூழில் செய்த, நம் ஊரில் சாணித்தாள் என்போமே, அந்த ரகக் காகிதத்தில் அச்சான கதைப் பத்திரிகைகளுக்கே அதுதான் பெயராகிவிட்டது. பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கிய நம்முடைய மாத நாவல்களை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட சரியாக வரும். 1926 ஏப்ரலில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’தான் முழுக்க அறிவியல் புனைகதைக்கென்றே வந்த முதல் ஆங்கிலப் பத்திரிகை. அந்த உலகில் கூலி வார்த்தைக்கு இத்தனை சென்ட் என்ற கணக்கு. அதனால் கதாநாயகன் சும்மா கதவைத் திறக்க மாட்டான். நடுங்கும் விரல்களால், மர்மம் நிறைந்த, யுகயுகமாகத் திறக்கப்படாத கதவைத் திறப்பான். கெர்ன்ஸ்பேக் பேசிய காசையும் ஒழுங்காகத் தரமாட்டார். லவ்கிராஃப்ட் அவருக்கு வைத்த பட்டப்பெயரே எலி.

(தமிழில் ‘பல்பு வாங்குவது’ வேறு பொருள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள், அந்தப் பல்புக்கும் இங்கே வேலை இருக்கிறது.)

அந்தக் கதைகளின் செவ்வாய் ஒரு மொழிபெயர்ப்புப் பிழையில் பிறந்தது என்பது எனக்குப் பிடித்த விஷயம். 1877-இல் இத்தாலிய வானியலாளர் ஷியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைப் பார்த்து ‘கனாலி’ என்று எழுதினார். அந்தச் சொல் இயற்கையான நீர்த்தடத்தையும் குறிக்கும். ஆங்கிலத்தில் அது வெட்டிய கால்வாய் ஆகிவிட்டது. கால்வாய் இருந்தால் வெட்டியவன் இருக்க வேண்டுமே! பெர்சிவல் லோவல் என்ற பணக்காரர் 1894-இல் அரிசோனாவில் தொலைநோக்கி நிலையமே கட்டி, செத்துக்கொண்டிருக்கும் ஒரு நாகரிகம் துருவப் பனியிலிருந்து தண்ணீர் கொண்டுவருவதாக எழுதித் தள்ளினார். 1912-இல் எட்கர் ரைஸ் பர்ரோஸ் அந்த வறண்ட கிரகத்தில் ஜான் கார்ட்டரை இறக்கினார். வாள், இளவரசி, நாலு கை பச்சை மனிதர்கள். முப்பதுகளில் இதே சரக்கு காமிக்ஸாகவும், தியேட்டரில் வாரம் ஒரு பகுதியாக ஓடும் சீரியலாகவும் ஆனது. 1936-இல் வந்த ‘ஃபிளாஷ் கார்டன்’ சீரியலுக்குப் பதின்மூன்று பகுதிகள். ஒவ்வொன்றின் முடிவிலும் நாயகன் சாகிறான். அடுத்த வாரம் பார்த்தால் சாகவில்லை.

1965 ஜூலையில் மாரினர் 4 செவ்வாயைக் கடந்து போனபோது இருபத்துச் சொச்சம் படங்கள் அனுப்பியது. வாய்க்கால் இல்லை, இளவரசி இல்லை. நிலவைப் போல வெறும் பள்ளங்கள். வெள்ளி கிரகத்தின் காடுகளை அதற்கு மூன்று வருடம் முன்பே மாரினர் 2 பொசுக்கியிருந்தது. அங்கே ஈயமே உருகிவிடும் சூடு. அதுவரை பல்ப் கதை என்பது ‘இப்படியும் இருக்கலாம்’. அதற்குப் பிறகு ‘இப்படி இல்லை என்று தெரியும், இருந்தாலும்’. ரெட்ரோ என்ற சொல்லின் கனம் அந்த ‘இருந்தாலும்’ என்பதில்தான் இருக்கிறது.

ரோல்பிளேயிங் கேம் பிறந்தது 1974-இல். அதாவது செவ்வாய் செத்து ஒன்பது வருடம் கழித்து. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்றால் குட்டிச்சாத்தான், டிராகன் என்றுதான் நினைப்போம். ஆனால் அதன் முன்னுரையில் கேரி கைகாக்ஸ் பெயர் சொல்லும் கதைகளில் பர்ரோஸின் செவ்வாய்க் கதைகளும் உண்டு. விதிநூலின் ஓர் அட்டவணையில் செவ்வாயின் பச்சை மனிதர்களும் ஒளிந்திருக்கிறார்கள். அதே வருடம் கைகாக்ஸும் பிரையன் ப்ளூமும் ‘வாரியர்ஸ் ஆஃப் மார்ஸ்’ என்று தனி விதிநூலே போட்டார்கள், பர்ரோஸ் குடும்பத்திடம் அனுமதி வாங்காமல். சீக்கிரமே அது கடையிலிருந்து காணாமல் போனது.

ஆரம்பகால ஆட்டங்களின் நிஜமான பிரச்சினை அனுமதி இல்லை, பகடை. இவற்றை உருவாக்கியவர்கள் மேஜைமேல் பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் ஆடியவர்கள். போர் விளையாட்டில் சிப்பாய் சாவான், அதில் தப்பில்லை. ஆனால் பல்ப் நாயகன் சாகக் கூடாது, சாகப் போவது போல இருக்க வேண்டும். பகடைக்கு அந்த நாசூக்கு தெரியாது. முதல் நிலை மந்திரவாதி ஒரே கத்திக்குத்தில் காலி. 1977-இல் மார்க் மில்லரின் ‘டிராவலர்’ வந்தது. அற்புதமான விண்வெளி ஆட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் முதல் பதிப்பில் பாத்திரத்தின் பழைய ராணுவ வாழ்க்கையைப் பகடை போட்டு உருவாக்கும்போதே பாத்திரம் செத்துப்போகலாம். கதை தொடங்கவே இல்லை, அதற்குள் கருமாதி. அதே வருடம் லின் கார்ட்டரும் ஸ்காட் பிசாரும் ‘ஃபிளாஷ் கார்டன்’ ஆட்டமும் எழுதினார்கள். ஜார்ஜ் லூகாஸ் ஃபிளாஷ் கார்டன் படம் எடுக்க உரிமை கேட்டுக் கிடைக்காமல் வேறொன்றை எடுத்ததும் அந்த வருடம்தான் வெளியானது. எது ஜெயித்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

சிரிப்பு விதிக்குள் வந்தது எண்பதுகளில். இதில் ஒரு கம்பெனிக்கு நான் கடன்பட்டவன்: வெஸ்ட் எண்ட் கேம்ஸ். 1984-இல் அவர்கள் போட்ட ‘பாரனோயா’வில் பைத்தியம் பிடித்த கணினி ஒன்று பாதாள நகரத்தை ஆள்கிறது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஆறு நகல் உடல்கள். செத்தால் அடுத்தது வரும். ஆட்டத்தின் விதி தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதே ராஜதுரோகம். எத்தனை எளிய தீர்வு பாருங்கள். சாவை அகற்றவில்லை, மலிவாக்கிவிட்டார்கள். 1986-இல் வந்த ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ ஆட்டத்தில் ஒரு பகடையின் ஆறாம் முகத்தில் பேய்ப்படம். நீங்கள் நினைத்தது நடந்தாலும்கூட, பேய் விழுந்தால் கூடவே ஒரு கோளாறும் நடக்கும். பல்பு வாங்குவது என்று சொன்னேனே, இதுதான். தோற்பது வேறு, பல்பு வாங்குவது வேறு. தோற்றால் கதை நிற்கும். பல்பு வாங்கினால் கதை நகரும்.

அந்த இயந்திரத்தை எடுத்துத்தான் 1987-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ ஆட்டத்தை கிரெக் காஸ்டிக்யான் எழுதினார். அதில் நான் திருடி இன்றுவரை பயன்படுத்தும் தந்திரம் ஒன்று உண்டு. சாகசம் தொடங்கும்போது ஆட்டக்காரர்கள் கையில் ஒரு சின்ன நாடக வசனத்தாளைக் கொடுத்துவிடுவார்கள். ஆளுக்கு ரெண்டு வரி. வாசித்து முடிக்கும்போது துப்பாக்கிச் சூட்டின் நடுவே இருப்பீர்கள். “நீங்க ஒரு டீக்கடைல உக்காந்திருக்கீங்க, என்ன பண்றீங்க?” என்று தொடங்கி அரை மணி நேரம் டீ குடித்த ஆட்டங்கள் என் கணக்கில் நிறைய. இப்போதெல்லாம் ராக்கெட் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும்.

2006-இல் ‘ஸ்பிரிட் ஆஃப் த செஞ்சுரி’ இன்னும் ஒரு படி போனது. பாத்திரத்தை உருவாக்கும்போது அவன் நாயகனாக நடித்த பல்ப் நாவல் ஒன்றுக்குத் தலைப்பு வைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் அந்த நாவலில் கௌரவ வேடம். உங்கள் பலவீனத்தால் நீங்களே சிக்கலில் மாட்டிக்கொள்ளச் சம்மதித்தால் ஒரு புள்ளி கிடைக்கும், பிறகு அதைச் செலவழித்துத் தப்பலாம். 1936 சீரியலின் மர்மம் எழுபது வருடம் கழித்துக் கணக்காக மாறியது. வில்லன் நாயகனைச் சுட மாட்டான், கூண்டில் அடைத்து முதலைக்கு மேலே தொங்கவிடுவான். ஏனென்றால் அடுத்த வாரமும் படம் ஓட வேண்டும்.

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

மிங் ஏன் சீனாக்காரன் மாதிரி இருக்கிறான்? 1928 ஆகஸ்ட் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழில் பிலிப் நோலன் எழுதிய கதையில் ஒருவன் ஐந்நூறு வருடம் தூங்கி எழுகிறான். அமெரிக்காவை ஆசியாவிலிருந்து வந்த ‘ஹான்’கள் பிடித்துவிட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் காட்டில் ஒளிந்து வாழ்கிறார்கள். அந்தத் தூங்குமூஞ்சிதான் அடுத்த ஜனவரியில் காமிக்ஸில் பக் ராஜர்ஸ் ஆனான். அவனோடு போட்டி போடவே 1934-இல் ஃபிளாஷ் கார்டனும் மிங்கும் வந்தார்கள். இதெல்லாம் வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. சீனத் தொழிலாளர்கள் வரக் கூடாது என்று அமெரிக்கா 1882-இலேயே சட்டம் போட்டிருந்தது. 1924-இல் ஆசியாவுக்கே கதவை ஏறக்குறைய மூடியது. நடுவில் 1923-இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபி, முதல் உலகப் போரில் அமெரிக்கச் சீருடை போட்டவர், குடியுரிமை கேட்டபோது அவர் வெள்ளையர் இல்லை, எனவே தகுதி இல்லை என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொன்னது. என் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்த நாலு பேருக்கும் அந்தக் கதைகளில் ராக்கெட்டில் இடம் இல்லை. காவலர்கள் வரிசையில்தான் நிற்க வேண்டும். ஜான் கார்ட்டரும் லேசுப்பட்டவனல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்க நின்ற தென்மாநிலப் படையின் கேப்டன் அவன்.

இந்தச் சங்கடம் ஆட்டங்களை எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. 1988-இல் ஃபிராங்க் சாட்விக்கின் ‘ஸ்பேஸ்: 1889’ வந்தது. எடிசன் செவ்வாய்க்குப் போக வழி கண்டுபிடித்துவிடுகிறார், பின்னாலேயே ஐரோப்பியப் பேரரசுகள் கொடி நடப் போகின்றன. வாய்க்கால் ஊர்களின் ராஜாக்களும் பிரிட்டிஷ் அதிகாரிகளும் பேசிக்கொள்வதை வாசித்தால் நமக்கு எங்கேயோ கேட்ட குரல். பெல்ஜியர்களின் செவ்வாய் கிட்டத்தட்ட காங்கோ. நேர்மையான ஆட்டம் என்றே சொல்வேன். ஆனால் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் தொப்பி போட்ட துரைகள்தான். 1990-இல் வந்த பக் ராஜர்ஸ் ஆட்டம் வில்லனையே மாற்றியது. ஹான்கள் போய், செவ்வாயிலிருந்து சூரிய மண்டலத்தைச் சுரண்டும் ஒரு வணிகக் கம்பெனி வந்தது. நல்ல மாற்றம். ஆனால் கூடவே சிரிப்பும் போய்விட்டது, எல்லோருக்கும் முகத்தில் கவலை. மூன்று வருடம் கழித்துப் பழைய காமிக்ஸ் உலகத்துக்கே திரும்பிய இன்னொரு பதிப்பும் போட்டுப் பார்த்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை.

நாங்கள் அன்றைக்கு ஆடியது ஜான் ஹார்ப்பர் 2013-இல் எழுதிய ‘லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்’. மொத்த விதியும் ஒரே பக்கம். ஒவ்வொருவருக்கும் ஒரே ஓர் எண், இரண்டிலிருந்து ஐந்துக்குள். மூளையால் செய்யும் காரியம் என்றால் அந்த எண்ணுக்குக் கீழே விழ வேண்டும், மனசால் செய்யும் காரியம் என்றால் மேலே. சரியாக அதே எண் விழுந்தால் ஏதோ பொறிதட்டுகிறது, கேம் மாஸ்டரிடம் ஒரு கேள்வி கேட்கலாம், உண்மையான பதில் சொல்லியே ஆக வேண்டும். கேப்டன் ஆரம்பத்திலேயே மயங்கிப் படுத்துவிட்டார். பேரரசன் யார், எப்படி இருப்பான் என்று அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. மிங்கைக் கொண்டுவந்து உட்காரவைத்தது நான்தான், என் காமிக்ஸ் மூளை. வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

“சரி, நீயே சொல்லு, யார் உக்காந்திருக்கா?” என்றேன் அவளிடம்.

அவள் யோசிக்கவே இல்லை. “பூமிலேர்ந்து போன ஆளு. வாய்க்கால் அதிகாரி. செவ்வாய்க்காரங்க வெட்டுன வாய்க்காலுக்கு அவன் தண்ணி வரி போடறான். பட்டு அங்கி இருக்கட்டும், அங்கேர்ந்து அடிச்சது.”

மீசையும் போய்விட்டது. பதிலுக்கு ஒரு தடித்த பேரேடும், மேஜைமேல் ரப்பர் ஸ்டாம்பும் வந்தன. இன்னொருவன் தன் மாலுமியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த அதிகாரியின் செவ்வாய்க்காரக் கணக்குப்பிள்ளையாக மாறினான். நாலு கை இருப்பதால் நாலு பேரேடு ஒரே நேரத்தில் எழுதுவானாம். பொய்க்கணக்கு எழுதி வாய்க்கால் மதகைத் திறக்கப் பார்த்தான். மூளைக் காரியம், அவன் எண் இரண்டு. ஒன்று விழுந்தால்தான் உண்டு. பகடையை மெழுகுவர்த்திப் பக்கம் உருட்டினான். விழுந்தது இரண்டு.

“கேள்வி கேக்கலாம்ல?”

“கேளு.”

“இந்த வாய்க்கால்ல தண்ணி நிஜமாவே இருக்கா?”

நான் வாயைத் திறந்தேன். கரண்ட் வந்தது, ஃபேன் சுற்றியது, மெழுகுவர்த்தி அணைந்தது, மணி பதினொன்றரை. மிச்சத்தை அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தோம். படி இறங்கும் வரை அவன் கேட்டுக்கொண்டே போனான்.