மதுரைக் கட்கொடியும் நல்லடையும்

தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய மாங்குடி மருதனார், மதுரைக்காஞ்சியின் 782 அடிகளுள் கூடல் நகரத் தெருக்களில் அசைந்த பல்வகைக் கொடிகளைக் கூறுமிடத்துக் கள் விற்பார் எடுத்த கொடியையும் மறவாது சுட்டுகின்றார். கள் அந்நகரின் வெளிப்படையான வாணிகப் பொருள் என்பது இதனாற் போதரும். ஆயின் அது எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதனை அவர் கூறினாரல்லர். நகரைப் பாடும் புலவர்க்கு அட்டில் வேண்டுவதில்லை போலும்!

முறையை அறிய நாம் தொண்டை நாட்டிற்குச் செல்லல் வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைப் பாடுங்கால் அரிசிக் கள் ஆக்கும் வகையைப் படிப்படியாக விளக்கியுள்ளார். குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி அடுவர். வாயகன்ற பிழாவிலிட்டு உலர ஆற்றுவர். நல்லடையை அதனொடு கலப்பர். இரு பகலும் இரு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவர்.

நல்லடை யாது? நெல் முளையாலாகிய அடை என்பதே பழைய உரை வழிப்பட்ட பொருள். இப்பொருள் பொருந்துவதே. அரிசியின் மாச்சத்தை ஈஸ்ட் நேரே உண்ணாது. முளையிலுள்ள அமிலேசு என்னும் நொதி அதனைச் சருக்கரையாக்கல் வேண்டும். ஆயின் நல்லடையின் தொழில் இவ்வளவில் அமைவதன்று என்பது நம் கருத்து. சருக்கரையாக்கல் ஒன்றே நோக்கமாயின் களி வெதுவெதுப்பாக இருத்தலே நன்று. ஐரோப்பிய பார்லி மது ஆக்குவோர் முளைமாவை ஏறத்தாழ 65 பாகை வெந்நீரிலேயே கரைப்பர். இங்கோ களியை முற்றும் ஆற்றிய பின்னரே அடை சேர்க்கப்படுகின்றது. சூட்டில் மாயும் உயிர்ப்பொருள் ஒன்று அதில் இருந்தது என்று கொண்டால் இவ்வரிசைமுறை எளிதில் விளங்கும். தானிய உமியின் மேல் ஈஸ்ட் இயல்பாகவே வாழும். ஈரமுற்று முளைத்த நெல் அதற்கு நல்ல உறைவிடம்.

புலவர் நல்லடையின் புறத்திற்குப் பாம்புறையும் புற்றிலுள்ள குரும்பியை உவமை கூறுகின்றார். குரும்பியாவது புற்றாஞ்சோறு, துளை மலிந்து, கறையான் வளர்க்கும் பூஞ்சைக்கு இடமாவது. உவமை வடிவு பற்றியதே. பூஞ்சையை அவர் அறிந்தார் எனல் மிகை. எனினும் அத்தகைய கரடான, துளையுடைய பரப்பிலேயே நுண்ணுயிர் நன்கு பற்றிக்கொள்ளும்.

பாஸ்டர் 1857 முதல் 1860 வரை வெளியிட்ட கட்டுரைகளால் நொதித்தல் உயிர்த்தொழில் என்பது நிலைபெற்றது. உயிரணுவின்றி அதன் சாறும் அதனைச் செய்யும் என்று 1897இல் புக்னர் காட்டினார். இக்கால ஆய்வாளர் கரும்புச் சக்கை முதலிய தாவரப் பொருள்களில் ஈஸ்டைப் பற்றவைத்து எத்தனால் எடுக்கின்றனர். அணுக்கள் கழிந்துபோகாமல் அடுத்த ஊற்றுக்கும் பயன்படுவது இதன் சிறப்பு. 180 கிராம் குளுக்கோசிலிருந்து, கணக்குப்படி, 92 கிராம் எத்தனாலே பெறக்கூடும். எஞ்சிய 88 கிராம் கரியமில வாயுவாகும். நல்லடை களியோடு கலந்து கரைவது. சக்கையோ தனித்து நிற்பது. ஆதலின் இரண்டும் ஒன்றெனல் பொருந்தாது. உறவுடையன எனல் பொருந்தும்.

மதுரைச் சமவெளிப் பனையேறிகளின் வழக்கு இதற்கு அண்மைச் சான்று. பாளையிலும் பழங்கலயத்திலும் ஒட்டியிருக்கும் ஈஸ்டே சாற்றைக் கள்ளாக்கும். உட்புறம் சுண்ணாம்பு தடவின் பதநீராக நிற்கும். கலயச் சுவரே உறைகலம் என்பதை அவர்கள் கையறிவால் உணர்ந்திருந்தனர்.

வள்ளுவர் 93ஆம் அதிகாரத்தாற் கடிந்த பொருளாதலின் கள்ளின் ஆக்கத்தை அறிஞர் சிலர் கூச்சத்தோடு கடந்துவிடுவர். ஆக்கமுறையை ஆராய்தல் உண்ணலைப் போற்றுதல் ஆகாது.

தொண்டை நாட்டு முறையே கூடலிலும் நின்றதோ என்பது பாட்டால் மட்டும் முடிவுறாது. மதுரைக்கு அணித்தாகிய கீழடியில் 2015 முதல் அகழ்ந்தெடுத்த மட்கலங்களுள் சாடி, அகல்வாய்க் கலம் ஆகியவற்றின் உட்சுவரில் முளைநொதி அரித்த மாமணிகள் ஒட்டியுள்ளனவா என நுண்ணோக்கியால் தேடலாம். அத்தேடலுக்கு உருத்திரங்கண்ணனாரின் கலவரிசையே வழிகாட்டும்.