சாம்பலுக்கடியில் ஒரு சிவாலயம்

கல்விப் பருவ விடுமுறையில் ஜாவாத் தீவுக்குச் சென்ற நாங்கள், முதற்கண் ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்துக்குரிய வோனோபோயோ பொற்புதையலைக் கண்டோம். 1990ஆம் ஆண்டு பிரம்பானான் அருகே மண் வெட்டியபோது வெளிப்பட்டது அது. இராமாயணக் காட்சிகள் புடைப்பாக அமைந்த பொற்கிண்ணம் அதன் தலையாய பொருள். இத்துணைச் செல்வத்தை மண்ணுக்குள் விட்டுவிட்டு அதற்குரியோர் எங்குச் சென்றனர் என்னும் வினாவே எங்களை யோக்யாகார்த்தாவுக்கு இட்டுச் சென்றது.

யோக்யாகார்த்தாவின் கிழக்கே உள்ளது சம்பிசாரி. 1966இல் உழவர் ஒருவரின் மண்வெட்டி செதுக்கிய கல்லொன்றில் பட, ஏறத்தாழ 6.5 மீட்டர் ஆழத்தில் ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவாலயம் ஒன்று வெளிப்பட்டது. சீரமைப்புப் பணி 1987இல் நிறைவுற்றது. இன்றும் படிகளில் இறங்கியே கோயிலை அடைய வேண்டும். மேற்கு நோக்கிய கருவறையில் இலிங்கம். புறச்சுவர் மாடங்களில் வடக்கே துர்க்கை, கிழக்கே கணபதி, தெற்கே அகத்தியர். தமிழகச் சிவாலயங்களில் தென்கோட்டம் தட்சிணாமூர்த்திக்கு உரியது. ஜாவாவிலோ அவ்வாசான் இடத்தில் தாடியுடன் அகத்தியர் நிற்கிறார். இவ்வொப்புமை ஒன்றையே கொண்டு இக்கோயில் தமிழர் படைப்பு எனக் கூற முனைவோர் நம்மிடையே உளர். அதனை நாங்கள் ஏற்பதற்கில்லை. இது ஜாவானியர் தம் மண்ணில் வளர்த்தெடுத்த மரபு.

இனி, கோயிலை மூடிய மெராப்பி எரிமலைக்கு வருவோம். 1006ஆம் ஆண்டு நேர்ந்த பெருவெடிப்பே மத்திய ஜாவாவின் மாதாராம் அரசை அழித்தது என்று டச்சு நிலவியலாளர் வான் பெம்மெலன் 1949இல் எழுதினார். பயண வழிகாட்டிகள் இன்றளவும் கூறுவது இதனையே. ஆயினும் மன்னர் சிண்டோக் 929ஆம் ஆண்டளவிலேயே கிழக்கு ஜாவாவில் சாசனங்கள் வெளியிடத் தொடங்கிவிட்டார். முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே இடம்பெயர்ந்துவிட்ட அரசை 1006இன் வெடிப்பு எங்ஙனம் பெயர்த்திருக்கும்? மேலும், அவ்வாண்டுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது மன்னர் ஏர்லாங்காவின் புச்சாங்கான் கல்வெட்டிலுள்ள 'பிரளயம்' என்னும் சொல்லாகும். பிற்கால வாசிப்பின்படி அது குறிப்பது 1016ஆம் ஆண்டளவில் வுராவாரி தலைவன் நடத்திய தாக்குதலையே. பிரளயம் எனில் எரிமலை என்று கொண்டது சொல்லின் நேர்ப்பொருளை மட்டும் நோக்கியதன் விளைவு.

எரிமலை தீங்கு செய்யவில்லை என்பது எங்கள் கருத்தன்று. சம்பிசாரியை மூடிய மண்ணடுக்குகள் ஒரே நாளில் படிந்தனவாகத் தோன்றவில்லை. பலமுறை பெருகிவந்த சேற்று வெள்ளங்களையே அவை காட்டுகின்றன. 2010ஆம் ஆண்டு வெடிப்பில் 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொலைவிலுள்ள பொரோபுதூரும் சாம்பல் படிந்து, துப்புரவுக்காக மூடப்பட்டது. அதற்குப் பின்னரும் மக்கள் மலைச்சரிவுகளில் பயிரிடுகின்றனர். வளமிக்க எரிமலை மண் அவர்களை விடுவதில்லை. ஆதலின் அரசு பெயர்ந்தமைக்குக் கிழக்கின் துறைமுக வணிகத்தையும் பகைவர் அச்சத்தையும் சேர்த்தே எண்ண வேண்டியுள்ளது.

அப்புச்சாங்கான் கல்லை ஜாவாவின் எந்த அருங்காட்சியகத்திலும் காண இயலாது. ஒரு முகத்தில் சமஸ்கிருதமும் மறுமுகத்தில் பழைய ஜாவானிய மொழியும் தாங்கிய அது, ராபிள்ஸ் ஆட்சிக்காலத்தில் கப்பலேற்றப்பட்டுக் கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது.