கிட் கார்: வரியும் சட்டமும் வடிவமைத்த வாகனம்

கிட் கார் என்பது முழுமையாகப் பொருத்தப்படாமல், பாகங்களின் தொகுப்பாக விற்கப்படும் கார். வாங்குபவரே அந்தப் பாகங்களை இணைத்து ஓடும் வண்டியாக மாற்றுகிறார். சேசிஸ், உடற்பகுதி, சஸ்பென்ஷன் முதலியவற்றைக் கிட் தயாரிப்பாளர் தருவார். என்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் போன்றவை புதிதாகவும் வரலாம், பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றப்பட்டும் வரலாம். அவ்வாறு பாகங்களைத் தரும் பழைய காரை 'டோனர் கார்' என்று அழைப்பர்.

சாதாரணக் கார் வாங்குபவர் நிறத்தையும் சில வசதிகளையும் மட்டும் தேர்வு செய்கிறார். கிட் கார் வாங்குபவரோ என்ஜின், ஆக்சில், பிரேக், இருக்கை, விளக்கு வரை ஒவ்வொன்றையும் ஆர்டர் கொடுக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். இந்தத் தேர்வுகள் தனிமனித விருப்பத்தால் மட்டும் அமைந்தவை அல்ல. கிட் கார் தொழில் செழித்து வளர்ந்த பிரிட்டனில், எந்தப் பாகத்தை எங்கிருந்து வாங்குவது என்பதை வரிச்சட்டமும், பெரிய கார் நிறுவனங்களின் தயாரிப்பு முறையும், சாலைப் பாதுகாப்பு விதிகளும் காலந்தோறும் தீர்மானித்து வந்துள்ளன.

தோற்றம்

கிட் கார்களின் முன்னோடி ஆஸ்டின் செவன். 1922 முதல் 1939 வரை தயாரிக்கப்பட்ட இந்தச் சிறிய கார் பிரிட்டனில் நடுத்தர வருமானக் குடும்பங்களின் வண்டியாக இருந்தது. அதன் என்ஜின் 747 சி.சி. கொள்ளளவு கொண்டது. எளிய அமைப்பு, மலிவான விலை, எங்கும் கிடைக்கும் உதிரி பாகங்கள் ஆகியவற்றால், பழைய ஆஸ்டின் செவனின் உடலைக் கழற்றிவிட்டு அதன் மேல் சொந்தமாக ஓட்டப்பந்தயக் கார் கட்டும் வழக்கம் உருவானது. இத்தகைய ஆர்வலர்களுக்காக 1939ல் '750 மோட்டார் கிளப்' தொடங்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் புதிய கார் கிடைப்பது அரிதாக இருந்தது. தயாரானவற்றில் பெரும்பகுதி அந்நியச் செலாவணிக்காக ஏற்றுமதியானது. பழைய கார்களைப் பிரித்து மீண்டும் கட்டுவது பலருக்கு விருப்பமாக மட்டுமன்றித் தேவையாகவும் ஆனது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொறியியல் படித்த காலின் சாப்மன் (1928–1982) 1948ல் தம் முதல் காரை ஒரு பழைய ஆஸ்டின் செவனைக் கொண்டே உருவாக்கினார். 1952ல் வடக்கு லண்டனின் ஹார்ன்சி பகுதியில் லோட்டஸ் எஞ்சினியரிங் நிறுவனத்தைத் தொடங்கினார்.

லோட்டஸ் மார்க் 6

1952ல் வந்த லோட்டஸ் மார்க் 6, கிட்டாக விற்கப்பட்ட லோட்டஸ் கார்களில் முதலாவது. எஃகுக் குழாய்களை முக்கோணங்களாக இணைத்துச் செய்த சட்டகமும், அதன் மேல் அலுமினியத் தகடுகளும் இதன் அடிப்படை. சட்டகத்தையும் உடற்பகுதியையும் சில சிறப்புப் பாகங்களையும் லோட்டஸ் தந்தது. மற்றவற்றை வாங்குபவர் பழைய போர்ட் கார்களிலிருந்து எடுத்துக்கொண்டார். 1,172 சி.சி. போர்ட் என்ஜின், எம்.ஜி. என்ஜின் எனப் பலவகை என்ஜின்கள் இதில் பொருத்தப்பட்டன.

எந்த என்ஜின் என்பதைப் பெரும்பாலும் பந்தய விதிகளே முடிவு செய்தன. 1,172 சி.சி. போர்ட் என்ஜினுக்கென்று தனிப் பந்தயப் பிரிவு இருந்ததால், அதில் ஓட்ட விரும்பியவருக்கு வேறு தேர்வு இல்லை. இவ்வாறு, வண்டியை எங்கே ஓட்டப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, பிறகு பாகங்களைத் தேர்வு செய்யும் முறை தொடக்கத்திலேயே நிலைபெற்றது.

கொள்முதல் வரியும் கிட் கார்களும்

பிரிட்டனில் 1940ல் போர்க்கால நடவடிக்கையாகக் கொள்முதல் வரி கொண்டுவரப்பட்டது. ஆடம்பரமாகக் கருதப்பட்ட பொருள்களின் நுகர்வைக் குறைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. போர் முடிந்த பின்னும் வரி நீடித்தது. முழுமையான புதிய காருக்கு இந்த வரி கடுமையாக இருந்தது. ஆனால் உதிரி பாகங்களாக விற்கப்பட்டு, வாங்குபவர் தாமே பொருத்திக்கொள்ளும் காருக்கு வரி இல்லை. கிட் கார் தொழில் வளர்ந்தது இந்த இடைவெளியில்தான்.

1957ல் அறிமுகமான லோட்டஸ் செவன் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வரியுடன் முழுமையான காராக வாங்கினால் அதன் விலை 1,036 பவுண்டு. கிட்டாக வாங்கினால் 526 பவுண்டு. ஏறக்குறைய பாதி விலை. புதிய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பணம் சேர்க்க இயலாத இளம் தொழிலாளருக்கும் மாணவருக்கும், பணத்துக்குப் பதிலாகத் தம் உழைப்பைச் செலுத்தும் வாய்ப்பு இதனால் கிடைத்தது.

வரி விலக்குக்கு நிபந்தனைகள் இருந்தன. கிட்டுடன் பொருத்தும் முறையை விளக்கும் கையேடு தரக்கூடாது என்பது அவற்றில் ஒன்று என்றும், அதனால் லோட்டஸ் காரைக் கழற்றும் முறையை விளக்கும் கையேட்டைத் தந்தது என்றும், வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படித்துக் காரைக் கட்டினர் என்றும் கிட் கார் ஆர்வலர்களிடையே ஒரு செய்தி பரவலாக வழங்குகிறது.

செவனின் தேர்வுகள்

லோட்டஸ் செவனின் முதல் வரிசைக் கார்களில் 40 குதிரைத்திறன் கொண்ட 1,172 சி.சி. போர்ட் என்ஜின் அடிப்படையாக இருந்தது. அதிக வேகம் விரும்பியவர் 1,098 சி.சி. கோவென்ட்ரி கிளைமாக்ஸ் என்ஜினைத் தேர்வு செய்யலாம். 948 சி.சி. பி.எம்.சி. என்ஜினும் பட்டியலில் இருந்தது. 1960ல் வந்த இரண்டாம் வரிசையில் புதிய போர்ட் என்ஜின்களும், காஸ்வொர்த் நிறுவனம் மேம்படுத்திய 1,340 சி.சி. என்ஜினும் சேர்ந்தன. 1968ல் வந்த மூன்றாம் வரிசை 1,600 சி.சி. போர்ட் என்ஜினுடன் வந்தது. ஒரே வடிவில் இருந்தாலும், மலிவான அன்றாட வண்டி, வார இறுதிப் பந்தயக் கார் என வெவ்வேறு வாகனங்களாகச் செவன் மாறியது இந்தத் தேர்வுகளால்தான்.

கிட் என்ற சொல் எல்லாக் கார்களுக்கும் ஒரே அளவு வேலையைக் குறிக்கவில்லை. 1962ல் வந்த லோட்டஸ் எலான் காரின் கிட்டில், உட்புற வேலைகளும் மின்கம்பி இணைப்புகளும் முடிந்த உடற்பகுதியே வந்தது. என்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் ஆகியவற்றைப் பொருத்துவதே வாங்குபவரின் வேலை. மறுபுறம், கண்ணாடியிழை உடற்பகுதியை மட்டும் விற்ற சிறு நிறுவனங்களும் இருந்தன. அவற்றிடம் வாங்கியவர் மற்ற எல்லாவற்றையும் தாமே தேட வேண்டியிருந்தது. டி.வி.ஆர்., ஜினெட்டா, மார்கோஸ் ஆகிய நிறுவனங்களும் இக்காலத்தில் கார்களைக் கிட்டாக விற்றன.

1973ன் திருப்பம்

1973 ஏப்ரல் 1 அன்று கொள்முதல் வரி நீக்கப்பட்டு மதிப்புக்கூட்டு வரி நடைமுறைக்கு வந்தது. புதிய வரி பாகங்களுக்கும் பொருந்தியது. கிட்டாக வாங்குவதன் பெரிய லாபம் மறைந்தது. லோட்டஸ் விலையுயர்ந்த முழுமையான கார்களை நோக்கி நகர்ந்தது. செவன் காரைத் தயாரிக்கும் உரிமையை, சர்ரே மாவட்டத்தின் கேட்டர்ஹாம் ஊரில் அதை விற்றுவந்த கிரஹாம் நியர்னின் கேட்டர்ஹாம் கார்ஸ் நிறுவனம் பெற்றது. அந்நிறுவனம் முதலில் கண்ணாடியிழை உடல் கொண்ட நான்காம் வரிசைக் காரைத் தயாரித்தது. 1974ல் அலுமினிய உடல் கொண்ட மூன்றாம் வரிசை வடிவத்துக்குத் திரும்பியது. இன்றும் கேட்டர்ஹாம் விற்கும் கார்கள் அந்த வடிவத்தின் வழிவந்தவையே.

வரிச் சலுகை போனபின்னும் கிட் கார்கள் மறையவில்லை. புதிய பாகங்களுக்கு வரி கூடியதால், பழைய காரின் பாகங்களைப் பயன்படுத்தும் கிட்கள் பெருகின. 1970களிலும் 80களிலும் டட்டன் போன்ற நிறுவனங்கள் போர்ட் எஸ்கார்ட் முதலிய பழைய கார்களின் பாகங்களைக் கொண்டு மலிவான கிட்களை விற்றன. துருப்பிடித்த உடலால் மதிப்பிழந்த பழைய கார் ஒன்றை வாங்கி, அதன் என்ஜினையும் ஆக்சிலையும் புதிய கிட்டுக்கு மாற்றுவது வழக்கமானது.

அமெரிக்காவில் இதே முறை வேறு வடிவில் வளர்ந்தது. புரூஸ் மேயர்ஸ் 1964ல் உருவாக்கிய 'மேயர்ஸ் மேங்ஸ்' என்ற மணல்மேட்டு வண்டி, வோக்ஸ்வேகன் பீட்டில் காரின் அடித்தளத்தைச் சுருக்கி அதன் மேல் கண்ணாடியிழை உடலைப் பொருத்தியது. பலர் அதைப் போலியாகச் செய்து விற்றனர். காப்புரிமை வழக்கில் மேயர்ஸ் தோற்றார்.

டோனர் கார்களின் மாற்றம்

டோனர் காரைத் தேர்வு செய்வதில் பெரிய கார் நிறுவனங்களின் முடிவுகள் நேரடியாகப் பாதித்தன. செவன் வகைக் கார்களில் என்ஜின் முன்புறம் நீளவாக்கில் அமைந்து பின் சக்கரங்களை இயக்குகிறது. போர்ட் கார்ட்டினா, எஸ்கார்ட் ஆகியவற்றின் தொடக்ககால வடிவங்களும் இதே அமைப்பு கொண்டவை. ஆகவே அவற்றின் பாகங்கள் எளிதாகப் பொருந்தின. 1980ல் எஸ்கார்ட் முன்சக்கர இயக்கத்துக்கு மாறியது. கார்ட்டினாவுக்குப் பதிலாக 1982ல் வந்த சியராவில் பின்சக்கர இயக்கம் தொடர்ந்தது. ஆனால் 1993ல் சியராவின் இடத்தைப் பிடித்த மான்டியோ முன்சக்கர இயக்கம் கொண்டது.

இதனால் பழைய கார்கள் தீரத் தீர, பொருத்தமான பாகங்கள் அரிதாயின. கிட் தயாரிப்பாளர்கள் சியராவுக்கும், 1989ல் வந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 காருக்கும் ஏற்றவாறு தங்கள் சட்டகங்களை மாற்றினர். வேறு சிலர் முன்சக்கர இயக்கக் காரின் என்ஜினையும் கியர்பாக்ஸையும் அப்படியே எடுத்து இருக்கைகளுக்குப் பின்னால் வைத்தனர். இன்னும் சிலர் மோட்டார் சைக்கிள் என்ஜின்களை நாடினர். அவை எடை குறைந்தவை. ஆனால் மோட்டார் சைக்கிள் கியர்பாக்ஸில் பொதுவாக ரிவர்ஸ் கியர் இல்லாததால் அதற்குத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது.

1996ல் வெளிவந்த ரான் சாம்பியனின் நூல், 250 பவுண்டு செலவிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று தலைப்பிலேயே கூறியது. கிட்டையும் வாங்காமல், எஃகுக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்துச் சட்டகத்தையும் தாமே செய்து, பழைய எஸ்கார்ட் பாகங்களைப் பொருத்தும் முறையை அது விளக்கியது. இவ்வகைக் கார்கள் 'லோகாஸ்ட்' எனப் பெயர் பெற்றன.

சோதனைச் சட்டங்கள்

1998ல் தனிவாகன அனுமதிச் சோதனை கிட் கார்களுக்குக் கட்டாயமானது. 2009ல் அதன் இடத்தில் கடுமையான புதிய சோதனை முறை வந்தது. பிரேக், ஸ்டீரிங், சீட் பெல்ட் பிணைப்பு, கண்ணாடிகள், விளக்குகளின் இடம், ஒலி, புகை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூர்மையான விளிம்புகள் ஆகியன இதில் சோதிக்கப்படுகின்றன. அழகுக்காக வாங்கிய சிறிய கண்ணாடியோ, தாழ்வாகப் பொருத்திய விளக்கோ காரைச் சாலைக்கு வரவிடாமல் தடுக்கலாம்.

பதிவெண்ணும் பாகங்களைப் பொறுத்தது. எல்லாப் பாகங்களும் புதியவை என்று சான்றுடன் காட்டினால் புதிய காருக்குரிய எண் கிடைக்கும். அவற்றில் ஒன்று மட்டும் புதுப்பிக்கப்பட்டதாக இருக்கலாம். ஒரே டோனர் காரின் இரண்டு முக்கியப் பாகங்கள் இருந்தால் அந்தக் காரின் வயதைக் காட்டும் எண் தரப்படும். பாகங்களின் வயதையோ மூலத்தையோ நிறுவ முடியாவிட்டால் 'க்யூ' எழுத்தில் தொடங்கும் எண் தரப்படும். என்ஜினின் வயதுக்கேற்பப் புகை வரம்பு மாறுவதால், அந்த வயதை நிறுவும் ஆவணமும் அவசியம். எனவே பழைய பாகங்களின் ரசீதுகளும் ஆவணங்களும் பாகங்கள் அளவுக்கே மதிப்புள்ளவை.

ஆர்டருக்கு முன் கவனிக்கப்படுபவை

இந்த வரலாற்றின் விளைவாக, கிட் ஆர்டர் செய்வதற்கு முன் சில முடிவுகளை ஒரு வரிசையில் எடுக்கும் பழக்கம் உருவாகியுள்ளது.

பயன்பாடு: சாலைக்கா, பந்தயத்துக்கா, இரண்டுக்குமா என்பது முதல் முடிவு. மற்ற எல்லாம் இதைத் தொடர்பவை.

இருக்கை இடம்: செவன் வகைக் கார்கள் மிகக் குறுகியவை. உயரமானவருக்கு நீளமான அல்லது அகலமான சட்டகம் தேவை. சட்டகத்தைப் பின்னர் மாற்ற முடியாது என்பதால் உட்கார்ந்து பார்த்த பிறகே ஆர்டர் செய்வது வழக்கம்.

என்ஜினும் கியர்பாக்ஸும்: சட்டகத்தில் பற்றவைக்கப்படும் தாங்கிகள், புகைக்குழாயின் பாதை, ஸ்டீரிங் தண்டின் இடம் ஆகியவை இதைப் பொறுத்தவை. என்ஜினைப் பின்னர் மாற்றினால் இவை அனைத்தையும் மாற்ற வேண்டிவரும்.

பின் ஆக்சில்: முழு ஆக்சில் மலிவானது, எளியது. டி டியான் அமைப்பும் இரு சக்கரமும் தனித்தனியே இயங்கும் அமைப்பும் விலை கூடியவை. ஆனால் மேடுபள்ளத்தில் நிதானமாகச் செல்லும். ஆக்சிலின் பற்சக்கர விகிதம் என்ஜினுக்கும் டயர் அளவுக்கும் பொருந்த வேண்டும்.

சக்கரமும் பிரேக்கும்: பெரிய பிரேக் தட்டு சிறிய சக்கரத்துக்குள் அடங்காது. இரண்டையும் சேர்த்தே தேர்வு செய்ய வேண்டும்.

செலவு: கிட்டின் விலை மொத்தச் செலவின் ஒரு பகுதி மட்டுமே. டயர், வண்ணப்பூச்சு, கருவிகள், சோதனைக் கட்டணம், பழைய பாகங்களைப் புதுப்பிக்கும் செலவு ஆகியவை தனி. இவற்றைக் கணக்கில் சேர்க்காததால் பாதியில் நின்ற வண்டிகள் பல. 'முடிக்கப்படாத கிட்' என்று விளம்பரம் செய்து, போட்ட பணத்தில் ஒரு பகுதிக்கே அவற்றை விற்க நேர்கிறது.

இன்றைய நிலை

வரியை மிச்சப்படுத்துவதற்காகத் தொடங்கிய கிட் கார் முறை, அந்தக் காரணம் மறைந்து ஐம்பது ஆண்டுகள் கடந்தும் நீடிக்கிறது. இன்று பெரும்பாலானோர் கிட் கார் கட்டுவது மலிவுக்காக அல்ல. ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்த காரை ஓட்டுவதற்காகவே. புகை விதிகள் இறுகுவதும், கணினி வழி இயங்கும் புதிய கார்களின் என்ஜின்களைத் தனியே எடுத்துப் பொருத்துவது கடினமாவதும், மின்சாரக் கார்கள் பெருகுவதும் இந்த முறையின் அடுத்த சோதனைகள். 1952ல் பழைய போர்ட் காரைத் தேடியவருக்கும் இன்று கிட் வாங்குபவருக்கும் முன்னுள்ள கேள்வி ஒன்றே: சந்தையில் கிடைப்பது எது, சட்டம் அனுமதிப்பது எது, தம் கையால் முடிவது எது? இம்மூன்றுக்கும் ஆர்டர் கொடுக்கும் முன்பே விடை கண்டவர்களின் வண்டிகளே பெரும்பாலும் சாலைக்கு வந்துள்ளன.